ஏறும் எண், இறங்கும் எண்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மா, மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் கீழ்வீட்டு அம்மாவின் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பேசும்போது அந்த வீட்டில் யாரும் மெல்லுவதுகூட இல்லை. போன வருஷம் கலைந்துபோன செய்தியை அங்கே நின்றுதான் உனக்குச் சொன்னேன். மறுநாள் தெருவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. இந்த முறை உன் மாப்பிள்ளையையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் அப்படி ஆனதால், டாக்டரம்மா இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ரத்தத்தில் ஹார்மோன் பார்க்கச் சொல்லிவிட்டார். பீட்டா எச்சிஜி என்று பெயர். கரு ஒட்டிக்கொண்டதும் சுரக்க ஆரம்பிக்குமாம். முதல் வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். போன தடவை எண்பது, தொண்ணூறு என்று இழுத்துவிட்டு எழுபதுக்கு இறங்கியது. இந்த முறை முந்தாநாள் முந்நூற்றுத் தொண்ணூறு. இன்று தொள்ளாயிரத்து இருபது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "நல்லா ஏறுது. ரெட்டையாக்கூட இருக்கலாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நம்பரை வச்சு அதைச் சொல்ல முடியாதும்மா. ஒத்தப் பிள்ளைக்கும் இவ்வளவு இருக்கும். ரெட்டைக்கு இதைவிடக் கம்மியாவும் இருக்கும். ரெண்டு வாரம் போகட்டும், ஸ்கேன்ல பாப்போம். அதுவரைக்கும் கணக்குப் போட்டுட்டு உக்காராதே" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் ஆறுதலும் லிஃப்ட்டில்தான் வரும். "மேல போற லிஃப்ட்டைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?" என்கிறார் உன் மாப்பிள்ளை. "நடுவுல நின்னுபோறதை ரிப்பேர் பண்ணித்தானே நீங்க சம்பளம் வாங்குறீங்க" என்றேன். 

மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்று ஒருவருக்குக் காதுக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஈரமாக உணர்ந்த மாதிரி இருந்தது. அவர் மூக்கிலேயே கண்ணாடியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி ஓடுகிறேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் வந்து என்கூட இரேன், அம்மா.

உன்
பட்டு


பிப்ரவரி 8

என் பட்டுவுக்கு,

உன் கடிதம் இன்று காலை அலுவலகத்துக்கே வந்தது. மேஜை முழுக்க முத்திரைக்கு வந்த தராசுகள். அவற்றுக்கு நடுவே வைத்து இரண்டு முறை படித்தேன். சந்தோஷம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். எப்போதும் ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடு. இத்தனை வருஷ எடையளவு ஆய்வாளர் வேலையில் இரண்டு கடைத் தராசு அச்சாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அந்த இயந்திரங்களும் அப்படித்தான். இங்கே ஒரு எண், அங்கே ஒரு எண் என்று வைத்துக்கொண்டு ஏறியதா இறங்கியதா என்று பேச முடியாது.

வாந்தி அளவுக்கு மீறி இருக்கிறதா? வயிறு நாளுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகிறதா? பழுப்பு நிறத்தில் ஏதாவது படுகிறதா? எதையும் மறைக்காமல் எழுது. எண் அதிகமாக இருந்தால் நல்லது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. உன் டாக்டரம்மா நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் இரண்டு வாரம் காத்திருக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஸ்கேன் எடுத்துவிடு. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது என்னால் வர முடியாது. செவ்வாய்க்கிழமைதோறும் ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அலுவலக வேலை. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

அப்பா எழுதுவது: முழங்கால் அதன் இடத்தில்தான் இருக்கிறது. உன் அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி நீ ஒரு வரி எழுது. நான் சொன்னால் காதில் ஏறுவதில்லை.


பிப்ரவரி 11

அம்மா,

நீ சொன்னபடி ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பை காலியாக இருக்கிறது.

டாக்டரம்மா ஊரில் இல்லை. அவருடைய மகளுக்குப் பிரசவம். அவர் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக ஓர் இளம் டாக்டர் இருக்கிறார். ஸ்கேன் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். கடைத்தெருவில் இருக்கும் ஒரு ஸ்கேன் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார். வயிற்றின் மேல் அந்தக் கருவியை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசாமல் இருக்கிறார்கள் என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குப் போன வருஷமே தெரியும்.

இன்றைய எண் மூவாயிரத்து நானூறு. இளம் டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"இல்ல."

"ரத்தம்?"

"இல்ல."

"இவ்வளவு நம்பர் இருந்தா கர்ப்பப்பைக்குள்ள கருவோட பை தெரிஞ்சே ஆகணும். தெரியலைன்னா கரு வெளிய, கருக்குழாய்ல ஒட்டியிருக்கலாம். வளர்ந்து வெடிச்சா உங்க உயிருக்கு ஆபத்து. மெத்தோட்ரெக்சேட்டுன்னு ஒரு ஊசி இருக்கு. போட்டா கரு வளராம கரைஞ்சிடும். பதினாலாம் தேதி வந்துடுங்க."

 உன் மாப்பிள்ளை வெளியே வந்து வண்டிச் சாவியை நான்கு பையிலும் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

ஏறியது அம்மா. எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. இல்லாத ஒன்றுக்கு எப்படி ஏறும்? நீ ஏன் ஸ்கேன் எடு என்று எழுதினாய்? எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாளாவது எனக்கு மிச்சமிருந்திருக்கும்.

கீழே போய் அந்த மேஜையருகே நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். உனக்கு அலுவலக வேலை இருக்கும். நேரம் கிடைக்கும்போது பதில் போடு.

பட்டு


பிப்ரவரி 13

பட்டு,

இப்போதுதான் போனை வைத்தேன். மேலதிகாரியின் அறையிலிருந்து பேசினேன். அவர் கோப்புகளில் கையெழுத்துப் போடுவதுபோல ஒரே கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நீ "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. யார் யார் சுற்றி நின்றார்கள் என்று தெரிந்தது. கடைசியில் மெதுவாக, "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றாய். எழுதுகிறேன் என்றேன்.

முதலில், நான் போனில் வேகமாகச் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினேன். அவர் சொன்னது இது: "பாக்காம நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா வலி இல்ல, ரத்தம் இல்ல, வேணும்னு காத்திருந்த பிள்ளை. ஒரே ஒரு நம்பரையும் அவசரப்பட்டு எடுத்த ஒரு ஸ்கேனையும் வச்சு ஊசி போட வேண்டாம். ரெட்டையா இருந்தா, பை கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நம்பர் ஏறிடும். அதே லேப்ல மறுபடி ரத்தம் பாக்கட்டும். நல்ல மெஷின்ல, உள்பக்கமா ஸ்கேன் எடுக்கட்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். வயித்துல ஒரு பக்கமா வலி, தோள்பட்டை வலி, மயக்கம், எது வந்தாலும் அந்த நிமிஷமே ஓடணும்." குழாயில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதையும் மறந்துவிடாதே.

இனி, எனக்கு எப்படித் தெரியும் என்பது.

நவம்பரில் எனக்குத் தள்ளிப்போனது. நாற்பத்தாறு வயதில் நிற்பதுதானே, தொல்லை விட்டது என்றிருந்தேன். பிறகு வாந்தி. கடைகளில் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஓடவேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உனக்குச் செய்யும் அதே பரிசோதனை. எண் இரண்டு லட்சத்துக்கு மேல். சோதனைக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் ஒரு வாரம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்கேனில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக, குமிழி குமிழியாக இருந்தது. முத்துப்பிள்ளை என்றார்கள். பெயரில்தான் பிள்ளை. உள்ளே கரு கிடையாது. நஞ்சுக்கொடியாக வேண்டியது மட்டும் நீர் நிறைந்த திராட்சைக் கொத்தாகப் பெருகியிருந்தது. டிசம்பரில் எடுத்துச் சுத்தம் செய்தார்கள். வெளியூர் முகாம் என்று உனக்கு எழுதினேனே, அந்த வாரம்.

எடுத்ததோடு முடியவில்லை. அதில் ஒரு துணுக்கு தங்கினாலும் அது மறுபடி பெருகும், பரவும், புற்றாகக்கூட மாறும். அது இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் ரத்தம் கொடுக்கிறேன். உனக்கு ஏற வேண்டும். எனக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உனக்குச் சொன்ன அந்த ஊசியை எனக்குப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரை உன் கடிதத்தில் பார்த்தபோது கண் இருட்டிவிட்டது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கும் வயதில் இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? சம்பந்தி வீட்டில் தெரிந்தால் என்ன முகத்தை வைத்துக்கொள்வேன்? அது வெட்கம். ஆனால் உனக்கு எண் எகிறுகிறது என்று படித்ததும் வந்தது வேறு. எனக்கு வந்ததே உனக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அதனால்தான் ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு என்று விரட்டினேன். முளைவிடும் முன்னே மண்ணைக் கிளறிப் பார்க்கச் சொன்னேன்.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 18

அம்மா,

முதலில் செய்தி. ஊசி போடவில்லை. இரண்டு இருக்கின்றன.

பதினாலாம் தேதி உன் மாப்பிள்ளை என்னோடு உள்ளே வந்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு டாக்டரிடம் எதிர்த்துப் பேசினார். "இன்னொரு தடவ ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்." அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்போ உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தார். கீழே உன் மாப்பிள்ளையே கையெழுத்தும் போட்டார். எண் ஏழாயிரத்தை நெருங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினோம். நான் திரும்பிப் படுத்தால்கூட "வலிக்குதா?" என்றார். "நீங்க கேட்டாதான் வலிக்குது" என்றேன். நேற்று டாக்டரம்மா திரும்பி வந்து அவரே பார்த்தார்.

"இந்தா, ரெண்டு பை. இது பாரு, மினுக் மினுக்குன்னு. துடிக்குது. அடுத்ததுல இன்னும் தெரியல. சின்னதா இருக்கு. பொறுத்துப் பாக்கணும்" என்றார். அந்த இளம் டாக்டரைக் குறை சொல்லவில்லை. "குழாய்ல இருந்திருந்தா அவர் செஞ்சதுதான் உன்னைக் காப்பாத்தியிருக்கும். அவர் மேலயும் தப்பில்ல. ஆனா ரெட்டைக்கு அந்தக் கணக்கு பல சமயம் ஒத்துவராது" என்று மட்டும் சொன்னார்.

இனி கோபம். டிசம்பரில் நீ மயக்க மருந்தில் கிடந்தபோது நான் உனக்கு எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? கடையில் வந்த புது ஃபிரேமின் நிறம். நான் உனக்கு யார், பக்கத்து வீட்டுக்காரியா? வெட்கமாம். அப்பாவுக்கு வெட்கமில்லையா, உனக்கு மட்டும்தானா? இதைப் படித்து நீ சிரிப்பாய் என்று எழுதவில்லை. சிரித்தாலும் பரவாயில்லை.

இனிமேல் நாம் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். நீ உன் எண்ணை எழுது, நான் என் எண்ணை எழுதுகிறேன்.

பட்டு


பிப்ரவரி 21

என் கண்ணுக்கு,

சிரித்தேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எண்ணைக் கேட்டாய். ஜனவரியில் மளமளவென்று இறங்கியது. ஆயிரங்கள் போய் நூறுகளுக்கு வந்தது. பிறகு இருநூற்று நாற்பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு செவ்வாய்க்கிழமைகளாக அங்கேயே இருக்கிறது. நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை, அது நல்லது. ஆனால் ஊசியைத் தொடங்க வேண்டும். உன்னைப் போட்டுக்கொள்ளாதே என்று தடுத்த அதே ஊசி. பெருகுவதை நிறுத்துவதுதான் அதன் வேலையாம். என்ன பெருகுகிறது என்று அது பார்ப்பதில்லை.

பயம் எனக்குச் சத்தமாக வருவதில்லை. இன்று ஒரு மளிகைக் கடையில் தராசைச் சோதித்தேன். கடைக்காரர், "மேடம், முள்ளு நேரா நிக்குதுல்ல?" என்றார். நேராகத்தான் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "மேடம், அபராதம்னா சொல்லிடுங்க, இப்படிப் பாக்காதீங்க" என்றார். பிறகுதான் முத்திரை குத்தினேன். என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. அதைப் பற்றி என்னைவிட ஒரு காகிதத்துக்கு அதிகம் தெரிகிறது. உனக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த பையில் துடிப்பு தெரிந்ததா? மாடிப்படி அதிகம் ஏறி இறங்காதே.

அம்மா


மார்ச் 9

அம்மாவுக்கு,

அடுத்ததில் துடிப்பு வரவே இல்லை.

இடையில் எண் ஏறும் வேகம் குறைந்தது. இரட்டிப்பாகவில்லை. போன வருஷ நினைவில் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. டாக்டரம்மா, "இத்தனை வாரம் ஆனப்புறம் வேகம் குறையறது எல்லாருக்கும் உள்ளதுதான். தவிர, ஒண்ணு நின்னாலும் குறையும். நம்பரை விடு, வா, பாப்போம்" என்றார். பார்த்தார். முதலாவது நன்றாக வளர்ந்திருக்கிறது, துடிப்பு இருக்கிறது. இரண்டாவது பை சுருங்கியிருக்கிறது. அதை எடுக்கத் தேவையில்லையாம். உடம்பே மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொள்ளுமாம். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும் என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

உன் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இப்போது சொல்லிவிட்டோம். அத்தை, "ஒண்ணாவது நல்லா இருக்கேம்மா, அதப் பாரு" என்றார். கடை முதலாளியும் அதையேதான் சொன்னார். உன் மாப்பிள்ளையும் அதையேதான் சொல்கிறார். எல்லாரும் வாழ்த்துகிறார்கள். ஒருவரும் துக்கம் கேட்கவில்லை. நானும் சரி சரி என்று தலையாட்டுகிறேன். ஒன்று போன வீட்டில் மற்றது எப்படி இருக்கும் என்ற பயத்தில், போனதற்காக அழவும் பயமாக இருக்கிறது. அழுதால் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று.

உன் ஊசி எப்படி இருக்கிறது? எண் என்ன?

பட்டு


மார்ச் 24

அம்மா,

பதிலே இல்லை. மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டது. நேற்று உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "மேடம் லீவுல இருக்காங்க. எப்ப வருவாங்கன்னு சொல்லலையே" என்றார்கள். எண் என்னவாக இருந்தாலும் எழுது. மறுபடியும் மறைக்காதே. இரண்டு வரி போதும். உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

பட்டு


மார்ச் 27

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

பயப்படாதே. இருக்கிறாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறாள். மின்சார வாரியத்துக்குப் புகார் மனு என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசியால் வாயெல்லாம் புண். ஒரு வாரம் பால் மட்டும்தான் இறங்கியது. இப்போது ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். முதல் சுற்று ஊசிக்குப் பிறகு எண் இறங்காமல் கொஞ்சம் ஏறியது. அதிலிருந்து பேனாவைத் தொடவில்லை. "எறங்கினா எழுதறேன். இல்லன்னா பிள்ளைத்தாச்சிப் பொண்ணுக்கு என்னத்த எழுதறது?" என்கிறாள். இந்தச் செவ்வாய்க்கிழமை நூற்றுப் பத்து. இறங்கியிருக்கிறது. அவள் நம்பவில்லை. ஆய்வகக்காரனிடம், "உங்க மெஷினுக்கு யாரு முத்திரை போட்டது?" என்று கேட்டுவிட்டாள். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் என் பங்கும் உண்டு. அதை உன்னிடம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

படியில் பார்த்து இறங்கு.

அப்பா


ஏப்ரல் 8

அம்மாவுக்கு,

மின்சார வாரியத்துக்கு அப்பா எழுதிய புகார் என் கைக்கு வந்தது. நீ எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன், நீ படித்தால் போதும்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். இனி எண்ணே பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு அந்தக் காகிதம் இல்லாமல் இருக்க முடியவில்லை. கடையிலிருந்து வரும் வழியில், யாருக்கும் சொல்லாமல் அதே ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். மார்ச் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. இப்போது அறுபதாயிரம். ஆய்வக வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் காவலாளி, "யாரையாவது கூப்பிடணுமாம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "பத்து வாரம் வாக்குல அது உச்சத்துக்குப் போகும். அப்புறம் தானா எறங்கும். எல்லா நல்ல கர்ப்பத்துலயும் எறங்கும். நஞ்சுக்கொடி வேலையை எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். இதுக்குத்தான் பாக்காதேன்னு சொன்னேன்." திட்டிக்கொண்டே படுக்க வைத்துத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

அப்போது உன்னை நினைத்தேன், அம்மா. இப்போது நம் இரண்டு பேருக்கும் இறங்கத்தான் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு. பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். சோதனைக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் ஒரு வாரம் போனது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்றிருந்தாய். எல்லாவற்றையும் எழுதிய நீ, அந்த வாரத்தை மட்டும் ஏன் தாண்டிப் போனாய்?

பட்டு


ஏப்ரல் 22

என் பட்டுவுக்கு,

நான் எழுந்து உட்கார்ந்து எழுதும் முதல் கடிதம் இது. வாய்ப்புண் ஆறிவிட்டது. கை மட்டும் கொஞ்சம் கோணுகிறது.

நேற்று என் எண் வந்தது. இயந்திரத்தால் கணக்கிட முடியாத அளவுக்குக் கீழே போய்விட்டதாம். இதோடு முடியவில்லை. இன்னும் சில ஊசிகள் போட வேண்டும். அதன் பிறகும் மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி தலைதூக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் டாக்டர் முகம் மலர்ந்து, "நல்ல சேதி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். வெளியே வந்து, ஆஸ்பத்திரியின் பக்கச்சுவர் ஓரமாக, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். அப்பா பயந்துபோய், "தப்பா சொல்லிட்டாங்களா? திரும்பப் போய்க் கேக்கவா?" என்றார். இல்லை, சரியாகத்தான் சொன்னார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், பட்டு.

ரத்தம் எடுத்த பெண், எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ இருக்கேம்மா, ரெட்டையா இருக்கும்போல" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண். எனக்கும் என்ன தெரியும்? கோபம் வர வேண்டும், அவமானமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வரவில்லை. உன் அறையைத் திறந்து, இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா என்று பார்த்தேன். அலுவலகத்தில் மகப்பேறு விடுப்பு விதிகளை எடுத்துப் படித்தேன். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். நாற்பத்தாறு வயதுக் கிழவி செய்கிற காரியமா என்று கேட்காதே. இதெல்லாம் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவரிடம் தலையில் அடித்துக்கொண்டு, "இந்த வயசுல இது வேறயா" என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஸ்கேன். உள்ளே பிள்ளை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று விளக்கினார்கள். எனக்கு விஞ்ஞானம் புரியும், படித்தவள்தானே. அதனால் அழ உரிமை இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு பயம் வந்தது. நான்கு மாதம் இறங்கு, இறங்கு என்று அந்த எண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததில் வேறு எதற்கும் இடமில்லை. நேற்று அது இறங்கிவிட்டது. என் உடம்பில் அதனுடையது என்று இனி ஒரு துளியும் இல்லை. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் தாங்கவில்லை.

உன்னுடைய அந்த இரண்டாவதற்காக ஒருவரும் துக்கம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை. இருக்கும் ஒன்றைக் காப்பாற்று என்று நானும் எழுதிவிடுவேனோ என்று பயந்துதான் போடவில்லை. இப்போது கேட்கிறேன். அதற்காக நீ தாராளமாக அழலாம். அழுவதால் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த ஊசிக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் வந்து திரும்பலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தலைமுடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, பார்த்ததும் பதறாதே. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும். கீழ்வீட்டு அம்மா யாரென்று கேட்டால், உன்னைத் துக்கம் விசாரிக்க அம்மா வந்திருக்கிறாள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். என்னை விசாரிக்க உன்னைத் தவிர ஆளில்லை. மேலே அறையில் கதவைச் சாத்திவிட்டு என்னிடமும் கேள்.

அம்மா